மூன்றில் ஒரு பங்கு கையில் இருந்தால் போதும்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க அதிபரின் வீட்டோ அதிகாரம், அதாவது நிறைவேறிய மசோதாவை மறுக்கும் அதிகாரம், பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் ‘காங்கிரஸ்’ என்று வருவது அமெரிக்க நாடாளுமன்றத்தை. 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 பேர் கொண்ட செனட் என்று அதற்கு இரண்டு அவைகள். அதிபர் மறுத்த மசோதாவை அவரை மீறிச் சட்டமாக்குவதை ‘முறியடிப்பு’ என்று குறிக்கிறோம்.

வீட்டோவை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் பிரதிநிதிகள் சபையில் 290, செனட்டில் 67 வாக்குகள் இருந்தே தீர வேண்டுமா?
*கல்லூரி மாணவி, திருச்சி*

வேண்டியதில்லை. உறுப்பினர்கள் அத்தனை பேரும் வந்து வாக்களித்தால்தான் அந்த எண்கள். மூன்றில் இரண்டு என்பது அன்று அவையில் இருந்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொன்னவர்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. அவை நடக்கத் தேவையான கோரம் மட்டும் இருந்தாக வேண்டும். இடம் எதுவும் காலியாக இல்லாவிட்டால் அது சபையில் 218 பேர், செனட்டில் 51 பேர். 1919-இல் மிசௌரி பசிபிக் ரயில்வே வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

1972 அக்டோபரில் தூய நீர்ச் சட்டத்தை அதிபர் நிக்சன் மறுத்தார். தேர்தலுக்கு மூன்று வாரமே இருந்ததால் பலர் ஊரில் இல்லை. செனட்டில் விழுந்த வாக்குகள் 52–12, சபையில் 247–23. 67-ம் இல்லை, 290-ம் இல்லை. ஆனாலும் வீட்டோ முறியடிக்கப்பட்டது. அமெரிக்க ஆறுகளையும் ஏரிகளையும் இன்றுவரை காத்துவரும் அடிப்படைச் சட்டம் அதுதான்.

சுலபமான கணக்கு ஒன்று உண்டு. ‘இல்லை’ வாக்குகளை இரண்டால் பெருக்குங்கள். ‘ஆம்’ அதற்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் முறியடிப்பு வென்றது. 1973 நவம்பர் 7 அன்று, அதிபர் தன்னிச்சையாகப் போரில் இறங்குவதைக் கட்டுப்படுத்தும் போர் அதிகாரத் தீர்மானத்துக்குச் சபையில் கிடைத்தது 284–135. 135-இன் இரு மடங்கு 270, ஆகவே வெற்றி. அந்த 284 பேரில் ஐந்து பேர் மட்டும் அணி மாறியிருந்தால் 279–140 ஆகியிருக்கும். இரு மடங்கு 280, ஒரு வாக்கில் தோல்வி.

அதிபர் பக்கத்து உறுப்பினர் ஒருவர் வராமல் போனால், எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு வாக்கு மிச்சம் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே தெரியும். அதனால்தான் முறியடிப்பு வாக்கெடுப்புக்கு முன் வெள்ளை மாளிகை தன் ஆட்களில் யார் யார் ஊரில் இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கும். அதிபருக்கு இரண்டு அவைகளும் தேவையில்லை. எல்லாரும் வந்திருந்தாலும் செனட்டில் 34 பேர், அல்லது சபையில் 146 பேர், ஏதேனும் ஓர் இடத்தில் அவர் பக்கம் நின்றால் போதும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் விளங்கும்.

ஒரு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறிய பிறகு வீட்டோ வரையிலும், அதற்குப் பிறகும் என்னென்ன நடக்கும்? வரிசையாகச் சொல்ல முடியுமா?
*போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்*

இரு அவைகளும் ஒரே வாசகத்தை எழுத்துப் பிசகாமல் ஏற்ற பிறகு மசோதாவின் இறுதிப் படி தாளில் அச்சாகிறது. சபாநாயகரும் செனட்டுக்குத் தலைமை தாங்குபவரும் அதில் கையெழுத்திடுகிறார்கள். பிறகு அது வெள்ளை மாளிகையில் நேரில் ஒப்படைக்கப்படுகிறது. பலரும் தவறாக எண்ணுவது இந்த இடத்தில்தான்: அதிபரின் பத்து நாள் கெடு மசோதா நிறைவேறிய நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை, ஒப்படைத்த நாளுக்கு மறுநாளிலிருந்துதான். நிறைவேற்றிய மசோதாவைக் காங்கிரஸ் சில வாரம் தன்னிடமே வைத்திருப்பதும் உண்டு. அதிபர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தாலோ, தாங்கள் விடுமுறைக்குப் போகும் நேரமாக இருந்தாலோ அப்படிச் செய்வார்கள்.

பத்து நாளில் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் சேராது. சனிக்கிழமையும் அரசு விடுமுறையும் சேரும். 2020-இல் பாதுகாப்புத் துறைச் செலவு அங்கீகார மசோதா டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை டிரம்பிடம் போனது. 12 முதல் நாள், 13 ஞாயிறு, கணக்கில் இல்லை, 14 முதல் 19 வரை ஆறு நாள், 20 ஞாயிறு, 21, 22, 23 என்று மூன்று நாள். ஆக 23-ஆம் தேதி பத்தாவது நாள். அவர் வீட்டோ செய்ததும் அன்றுதான்.

அந்தப் பத்து நாளும் அதிபர் மாளிகை சும்மா இருப்பதில்லை. நிர்வாக, வரவுசெலவு அலுவலகம் மசோதாவைச் சம்பந்தப்பட்ட எல்லாத் துறைகளுக்கும் அனுப்பி இரண்டு நாளுக்குள் எழுத்தில் கருத்துக் கேட்கும். கையெழுத்திடலாமா, மறுக்கலாமா என்று ஒவ்வொரு துறையும் சொல்லியாக வேண்டும். மறுக்கச் சொல்லும் துறையே மறுப்புக் கடிதத்தின் வரைவையும் சேர்த்து அனுப்பும். இவற்றைத் தொகுத்த குறிப்பு ஐந்தாம் நாளுக்குள் அதிபர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நடைமுறை.

அதன் பிறகு அதிபர் கையெழுத்திடலாம். காங்கிரஸ் கூடியிருக்கும்போது அவர் ஒன்றும் செய்யாமல் விட்டால் பத்து நாள் முடிந்ததும் மசோதா தானாகவே சட்டமாகிவிடும். பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் மனமில்லை என்ற நிலையில் அதிபர்கள் இந்த வழியில் போயிருக்கிறார்கள். மறுப்பதானால், மசோதா எந்த அவையில் பிறந்ததோ அந்த அவைக்கே காரணங்களை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். வாய்மொழியாக மறுத்தால் செல்லாது. 1935-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முதல் உலகப் போர் வீரர்களின் போனஸ் மசோதாவை மறுத்தபோது காங்கிரஸுக்கு நேரில் வந்து கடிதத்தை வாசித்தார். மற்றபடி உறை போட்ட கடிதமாகத்தான் வரும்.

கடிதம் வந்ததும் அதன் முழு வாசகமும் அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். பிறகு பிரதிநிதிகள் சபைக்கு எதிரே உள்ள வழிகள்: உடனே வாக்கெடுக்கலாம், நாள் குறித்துத் தள்ளி வைக்கலாம், குழுவுக்கு அனுப்பலாம். வாக்கெடுப்பில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: அதிபரின் ஆட்சேபங்கள் இருந்தபோதிலும் மறுபரிசீலனையில் இந்த மசோதாவை நிறைவேற்ற அவை சம்மதிக்கிறதா? ஒரு கமாவைக்கூட அந்தக் கட்டத்தில் மாற்ற முடியாது. குரல் வாக்கெடுப்பும் கிடையாது. ஒவ்வொருவர் பெயரும், அவர் எப்படி வாக்களித்தார் என்பதும் பதிவாக வேண்டும்.

முதல் அவையில் தோற்றால் கதை அங்கேயே முடிந்தது, இரண்டாம் அவைக்குப் போகாது. முதல் அவை வென்றால் இரண்டாம் அவை. அங்கும் மூன்றில் இரண்டு கிடைத்தால் அந்தக் கணமே சட்டம். அதிபரிடம் திரும்பப் போக வேண்டியதில்லை, நேரே தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். வாக்கெடுப்பு நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எண்ணிக்கை தேறாது என்று தெரிந்தால் தலைவர்கள் மசோதாவைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள்.

‘பாக்கெட் வீட்டோ’ என்றால் என்ன? நம் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் செய்ததும் இதுவும் ஒன்றுதானா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

பெயர் ஒன்று, சங்கதி வேறு. 1986-இல் தபால் சட்டத் திருத்த மசோதாவுக்கு ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. நம் அரசியல் சாசனத்தின் 111-ஆம் பிரிவில் அதற்குக் கெடு எதுவும் இல்லை என்பதால் அப்படி வைத்திருக்க முடிந்தது. அமெரிக்க அதிபரால் அது முடியாது, காங்கிரஸ் கூடியிருந்தால் பத்தாம் நாள் மசோதா அவர் கையை மீறிச் சட்டமாகிவிடும். இன்னொரு வேறுபாடு: இந்தியாவில் திருப்பி அனுப்பப்பட்ட மசோதாவை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மறுபடி நிறைவேற்றினாலே குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தாக வேண்டும். மூன்றில் இரண்டு என்ற மதில் இங்கே இல்லை.

அமெரிக்க பாக்கெட் வீட்டோவின் அடிப்படை ஒரு சின்ன விதிவிலக்கு. பத்து நாள் முடிவதற்குள் காங்கிரஸ் ஒத்திவைக்கப்பட்டு, அதனால் மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாமல் போனால், கையெழுத்திடாத மசோதா சட்டமாகாது. திரும்பி வராத மசோதாவை முறியடிக்கவும் வழியில்லை. முழு மறுப்பு அது. இதை முதலில் செய்தவர் மாடிசன், 1812-இல்.

இதனால் விளையும் நஷ்டத்துக்கு 1986-இன் நீர்த் தர மசோதாவைப் பாருங்கள். சபையில் 408–0, செனட்டில் 96–0 என்று ஒருவர்கூட எதிர்க்காமல் அக்டோபரில் நிறைவேறியது. ஆனால் நிறைவேறியது கூட்டத்தொடரின் கடைசி நாட்களில். காங்கிரஸ் கலைந்து ஊருக்குப் போனது. நவம்பர் 6 அன்று ரீகன் அதைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு எதிர்வாக்கும் இல்லாத மசோதா செத்தது. அடுத்த ஜனவரியில் புதிய காங்கிரஸ் அதே மசோதாவை முதல் மசோதாவாகக் கொண்டுவந்து மறுபடி நிறைவேற்றியது. ரீகனால் இந்த முறை திருப்பி அனுப்பத்தான் முடிந்தது. பிப்ரவரி 3, 4 தேதிகளில் 401–26, 86–14 என்று முறியடித்தார்கள். இரண்டு முறைக்கும் வித்தியாசம் நாள்காட்டி மட்டுமே.

எந்த ஒத்திவைப்பு ‘திருப்பி அனுப்புவதைத் தடுக்கிறது’ என்பதில் நூறாண்டாக வழக்கு. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நீண்ட விடுமுறையில் பாக்கெட் வீட்டோ செல்லும் என்று 1929-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓர் அவை மட்டும் மூன்று நாள் இடைவேளை விட்டால் செல்லாது, அவைச் செயலரிடம் கொடுத்தாலே திருப்பி அனுப்பியதாகும் என்று 1938-இல் சொன்னது. 1970 கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது குடும்ப மருத்துவப் பயிற்சி மசோதாவை நிக்சன் பையில் போட்டதை எதிர்த்து செனட்டர் எட்வர்டு கென்னடி தானே வாதாடி 1974-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். கடிதத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் அதிகாரி அங்கே இருந்தார், பிறகு எப்படித் திருப்பி அனுப்ப முடியாமல் போகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இன்று காங்கிரஸ் விடுமுறையிலும் சில நாளுக்கு ஒருமுறை பெயரளவுக்கு அவையைத் திறந்து மூடுகிறது. கடிதம் வாங்க அதிகாரிகளையும் நியமித்துவிட்டுப் போகிறது. அதிபர்களும் எச்சரிக்கையாக, ‘இது பாக்கெட் வீட்டோதான், ஆனாலும் சந்தேகம் வேண்டாம் என்று திருப்பியும் அனுப்புகிறேன்’ என்று இரண்டையும் செய்கிறார்கள். இளைய புஷ் 2007 டிசம்பரிலும் ஒபாமா 2009 டிசம்பரிலும் அப்படித்தான் செய்தார்கள்.

முறியடிப்பு வாக்கெடுப்பில் தோற்றால் மறுபடி நடத்த முடியுமா?
*வழக்கறிஞர், மதுரை*

சபையில் முடியாது. செனட்டில் முடியும், ஒரு நிபந்தனையோடு: வென்ற பக்கத்தில் வாக்களித்தவரோ, வாக்களிக்காமல் இருந்தவரோதான் மறுவாக்கெடுப்புக் கோரலாம்.

1987-இல் ஏறத்தாழ 8,800 கோடி டாலர் நெடுஞ்சாலை மசோதாவை வைத்து இதை விளக்கலாம். உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்கென்று செருகிய வேலைகள் நிறைய இருக்கின்றன, வீண் செலவு என்று ரீகன் மறுத்தார். மார்ச் 31 அன்று சபை 350–73 என்று முறியடித்தது. ஏப்ரல் 1, செனட். வட கரோலினாவிலிருந்து அப்போதுதான் செனட்டுக்கு வந்திருந்த ஜனநாயகக் கட்சிக்காரர் டெரி சான்ஃபோர்டு தயங்கினார். முதலில் ‘ஆம்’ என்றும் இல்லாமல் ‘இல்லை’ என்றும் இல்லாமல் ‘வந்திருக்கிறேன்’ என்று மட்டும் பதிவு செய்தார். அந்த நிலையில் 99 பேர் வாக்களித்ததாகக் கணக்கு. மூன்றில் இரண்டு 66. அவர் அப்படியே இருந்திருந்தால் மசோதா வென்றிருக்கும். பிறகு அவர் ‘இல்லை’ என்று மாற்றினார், தேவை 67 ஆனது, ஒரு வாக்கில் தோல்வி.

ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ராபர்ட் பைர்டு உடனே தன் வாக்கையும் ‘இல்லை’ பக்கம் மாற்றிக்கொண்டார். முடிவு 65–35 என்று பதிவானது. விஷயம் தெரியாதவர் தலைவரே கைவிட்டுவிட்டார் என்றுதான் நினைப்பார். வென்ற பக்கத்தில் தன் பெயர் இருந்தால்தானே அவர் மறுவாக்கெடுப்புக் கேட்க முடியும்! மறுநாள் ரீகன் காங்கிரஸ் கட்டடத்துக்கே வந்து, தன் கட்சியில் தனக்கு எதிராக வாக்களித்த 13 செனட்டர்களிடம் ஒருவராவது மாறுங்கள் என்று கேட்டார். ஒருவரும் மாறவில்லை. சான்ஃபோர்டு மாறினார். 67–33.

வாக்கு எண்ணிக்கையை மட்டும் செய்தியில் பார்த்துவிட்டுத் தலைவர் ஏன் எதிராக வாக்களித்தார் என்று குழம்பாதீர்கள். இந்த உத்தி இன்றும் நடப்பில் இருக்கிறது.

ஒரு மசோதாவுக்கு முதலில் எல்லாரும் ஆதரவு தருகிறார்கள். அதிபர் மறுத்ததும் அதே ஆட்கள் பின்வாங்குகிறார்களே, ஏன்?
*வாசகி, கோவை*

முதல் வாக்கெடுப்பில் ஆதரிப்பதற்கு அவர்களுக்குச் செலவு இல்லை. மறுத்த பிறகு ஆதரிப்பது, அதிபர் சொந்தக் கட்சிக்காரராக இருந்தால், அவரோடு வெளிப்படையாக மோதுவது. 1989-இல் பெய்ஜிங்கில் மாணவர் போராட்டம் ஒடுக்கப்பட்ட தியானன்மென் சம்பவத்துக்குப் பிறகு சீன மாணவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வந்த மசோதாவை மூத்த புஷ் மறுத்தார். 1990 ஜனவரியில் சபை 390–25 என்று முறியடித்தது. மறுநாள் செனட்டில் 62–37. 66 வேண்டும், நான்கு குறைவு. சபையில் கிடைத்த பிரம்மாண்டமான வெற்றியால் எந்தப் பயனும் இல்லை. மூத்த புஷ் மறுத்த மசோதாக்களில் ஒன்றே ஒன்றுதான் முறியடிக்கப்பட்டது: 1992-இன் கேபிள் டிவி கட்டணச் சட்டம்.

எதிர்த்திசையிலும் நடக்கும். செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பங்கள் சவூதி அரேபியா மீது வழக்குத் தொடர வழி செய்யும் மசோதா 2016-இல் இரு அவைகளிலும் குரல் வாக்கிலேயே நிறைவேறியது. ஒபாமா மறுத்தார். பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு வந்ததும் சபையில் 77 பேர் எதிர்த்தார்கள். அதாவது, குரல் வாக்கு எதிர்ப்பை மறைத்திருந்தது. ஆனாலும் தேர்தல் நெருங்கிய நேரம், 348–77, செனட்டில் 97–1. அந்த ஒருவர் ஜனநாயகக் கட்சியின் அன்றைய செனட் தலைவர் ஹாரி ரீட். மறுநாளே இரு அவைகளின் தலைவர்களும் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள். இது எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. அதிபரின் ஆட்சேபக் கடிதத்தை அவைக்குறிப்பில் முழுதாக ஏற்றச் சொல்வது, வாக்களிக்கும் முன் அதைப் படிப்பதற்காகத்தான்.

செலவு மசோதாவில் வேண்டாத பகுதியை மட்டும் அதிபர் அடித்துவிடக் கூடாதா? மாநில ஆளுநர்கள் அப்படிச் செய்வதாகப் படித்தேன்.
*கணக்குத் தணிக்கையாளர், ஈரோடு*

44 மாநிலங்களின் ஆளுநர்களுக்கு ஏதோ ஒரு வகையில் அந்த அதிகாரம் உண்டு. அதிபருக்கு இல்லை. மசோதாவை முழுதாக ஏற்க வேண்டும், அல்லது முழுதாக மறுக்க வேண்டும். அவர் மறுக்கத் துணியாத மசோதாவில் அவருக்குப் பிடிக்காததைக் காங்கிரஸ் செருகுவது இதனால்தான்.

1996-இல் காங்கிரஸே ஒரு சட்டம் இயற்றி அந்த அதிகாரத்தைக் கொடுத்துப் பார்த்தது. கிளின்டன் 11 சட்டங்களில் 82 இனங்களை நீக்கினார். நியூயார்க் மாநகரமும் ஐடஹோ உருளைக்கிழங்கு விவசாயிகளும் வழக்குப் போட்டார்கள். 1998 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. காரணம் நேரானது: இரு அவைகளும் நிறைவேற்றிய வாசகம் ஒன்று, அதிபர் வெட்டிய பிறகு மிஞ்சிய வாசகம் வேறு, அந்த மிச்சத்தை எந்த அவையும் நிறைவேற்றவில்லை. அரசியல் சாசனத்தைத் திருத்தாமல் இதற்கு வழியில்லை.

அதிபர் அறிவிக்கும் அவசரநிலையைக் காங்கிரஸ் தீர்மானம் போட்டு நிறுத்த முடியாதா? ஏன் ஒவ்வொரு முறையும் வீட்டோவில் போய் முட்டுகிறது?
*பத்திரிகையாளர், சென்னை*

ஒரு காலத்தில் முடிந்தது. அது போனதற்குக் காரணமான வழக்கில் இந்திய வம்சாவளிக்காரர் ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது.

ஜக்தீஷ் ராய் சட்டா கென்யாவில் பிறந்தவர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவர், மாணவர் விசாவில் அமெரிக்கா போனவர். 1972-இல் விசா முடிந்த பிறகு அவரை ஏற்றுக்கொள்ள கென்யாவும் பிரிட்டனும் தோதாக இல்லை. 1974-இல் குடியேற்ற நீதிபதி அவரை நாடு கடத்துவதை நிறுத்திவைத்தார். ஆனால் அன்றைய சட்டப்படி அந்த முடிவை ஏதேனும் ஓர் அவை மட்டும் தீர்மானம் போட்டு ரத்து செய்யலாம். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை 340 பேர் பட்டியலிலிருந்து ஆறு பெயர்களை எடுத்து அப்படி ரத்து செய்தது. அதில் ஒருவர் சட்டா. அதிபரின் வீட்டோவுக்கு மறுதலையாக, இதற்கு ‘சட்டமன்ற வீட்டோ’ என்று பெயர்.

1983 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்று சொன்னது: ஒருவரின் சட்ட உரிமையை மாற்றும் எந்த முடிவும் இரு அவைகளிலும் நிறைவேறி, அதிபரிடமும் போயாக வேண்டும். சட்டா அமெரிக்காவில் தங்கினார். ஏறக்குறைய 200 சட்டங்களில் இருந்த இதே போன்ற விதிகள் ஒரே நாளில் ஆட்டம் கண்டதாக மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி வைட் சுட்டிக்காட்டினார்.

அவசரநிலைச் சட்டமும் அதில் ஒன்று. 1976-இல் இயற்றியபோது, அதிபரிடம் போகாத தீர்மானம் ஒன்றினால் இரு அவைகளும் சேர்ந்து அவசரநிலையை முடிக்கலாம் என்று இருந்தது. 1985-இல் அதைக் கூட்டுத் தீர்மானம் என்று மாற்றினார்கள். கூட்டுத் தீர்மானம் அதிபர் கையெழுத்துக்குப் போகும். தன் அவசரநிலையைத் தானே முடிக்க எந்த அதிபர் கையெழுத்திடுவார்? 2019-இல் எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த அவசரநிலையை முடிக்க இரு அவைகளிலும் பெரும்பான்மை கிடைத்தது. செனட்டில் 59–41, அவர் கட்சியினரிலும் 12 பேர் சேர்ந்துகொண்டார்கள். மார்ச் 15 அன்று வீட்டோ. சபையில் முறியடிப்பு வாக்கு 248–181, வேண்டியது 286. ஆயுத விற்பனையைத் தடுக்கும் தீர்மானங்களுக்கும் இதே கதிதான். பாதிக்கு மேல் வேண்டும் என்று எழுதிய அதிகாரம், நடைமுறையில் மூன்றில் இரண்டு வேண்டும் என்று ஆகிவிட்டது. சட்டாவுக்குக் கிடைத்த நியாயம் சரியானது என்றே நாங்களும் நினைக்கிறோம். அதன் விலையைக் காங்கிரஸ் இன்றுவரை கொடுத்துவருகிறது என்பதும் உண்மை.

அதிகம் வீட்டோ செய்தவர் யார்? அதிகம் தோற்றவர் யார்?
*பள்ளி மாணவர், நாகர்கோவில்*

அதிகம் செய்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்: 635, முறியடிக்கப்பட்டவை 9. அடுத்தவர் க்ளீவ்லாந்து: இரண்டு பதவிக்காலத்திலும் சேர்த்து 584. அதில் பெரும்பகுதி, உள்நாட்டுப் போர் வீரர் என்று சொல்லித் தனிநபர்களுக்கு ஓய்வூதியம் கேட்ட மசோதாக்கள். அதிகம் தோற்றவர் ஆண்ட்ரூ ஜான்சன்: 29-இல் 15. ஜெஃபர்சன் ஒன்றுகூடச் செய்யவில்லை. முதல் வீட்டோ 1792 ஏப்ரல் 5, வாஷிங்டன். முதல் முறியடிப்புக்கு 1845 மார்ச் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, தோற்றவர் டைலர். வாஷிங்டன் தொடங்கி பைடன் பதவிக்காலம் முடியும்வரை 2,500-க்கும் மேற்பட்ட வீட்டோக்களில் முறியடிக்கப்பட்டவை 112 மட்டுமே.

முறியடிப்பு என்றால் மக்கள் பக்கம் வென்றது என்று எடுத்துக்கொள்ளலாமா?
*வாசகர், நியூஜெர்சி*

எடுத்துக்கொள்ள முடியாது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தந்த 1866 சட்டம் ஆண்ட்ரூ ஜான்சனை மீறி வந்தது, செனட்டில் 33–15. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் மீதான 1986 பொருளாதாரத் தடை ரீகனை மீறி வந்தது, 313–83, 78–21. இவை பெருமைக்குரியவை.

ஆனால் நம்மவர்களுக்குக் கதவை அடைத்த சட்டமும் முறியடிப்பில்தான் வந்தது. 1917 குடியேற்றச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை மண்டலமாக்கியது. 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு மொழியில் 30 முதல் 40 சொற்களைப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. வில்சன் மறுத்தார்; அவர் எதிர்த்தது படிப்பறிவுச் சோதனையைத்தான், ஆசியத் தடையை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பிப்ரவரி 5 அன்று செனட் 62–19 என்று முறியடித்தது. 1952-இல் ஆசிய நாடு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு நூறு பேர் அளவில் ஒதுக்கீட்டை நிறுத்திய சட்டத்தை ட்ரூமன் கடுமையான வார்த்தைகளில் மறுத்தார். 278–113, 57–26. அவரும் தோற்றார். இன்று நியூஜெர்சியில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருப்பதற்கு 1965-இல் அந்த ஒதுக்கீட்டு முறையை எடுத்தது காரணம்.

அதிபரிடம் போகவே தேவையில்லாதவை உண்டா?
*நூலகர், புதுச்சேரி*

உண்டு. அரசியல் சாசனத் திருத்தங்கள் நேரே மாநிலங்களுக்குப் போகும். 1798-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. அடிமை முறையை ஒழித்த 13-ஆம் திருத்தத்தில் லிங்கன் கையெழுத்திட்டார், ஆனால் அந்தக் கையெழுத்து தேவைப்படவில்லை. அவையின் உள்விதிகள், இரங்கல் தீர்மானங்கள் போன்றவையும் போகா.

பதவிக்காலத்தின் கடைசி நாட்களில் வீட்டோ செய்தால் முறியடிக்க நேரம் இருக்குமா?
*வாசகர், வேலூர்*

ஒரு காங்கிரஸின் ஆயுள் இரண்டு ஆண்டு. ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரி 3 நண்பகலில் முடியும். முறியடிக்காமல் கிடக்கும் மசோதாக்கள் அத்துடன் செத்துவிடும், புதிய காங்கிரஸ் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேலே சொன்ன 2020 பாதுகாப்பு மசோதாவை நினைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடக நிறுவனங்களுக்கான சட்டப் பாதுகாப்பை நீக்கவில்லை, உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தளபதிகளுடைய பெயர் தாங்கிய ராணுவத் தளங்களின் பெயரை மாற்றச் சொல்கிறது என்று டிரம்ப் அதைப் பத்தாம் நாளான டிசம்பர் 23 அன்று மறுத்தார். மிச்சம் பதினோரு நாள், நடுவில் கிறிஸ்துமஸ். டிசம்பர் 28 அன்று சபை கூடி 322–87 என்று முறியடித்தது. செனட் புத்தாண்டு நாளில் கூடி 81–13 என்று முடித்தது, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு.